பச்சையாய் எரிந்த கட்டைகள்

பிள்ளைகளே, போன மாதம் நீங்கள் மூன்று பேரும் என்னைக் கோத்தா திங்கி பக்கம் ஆற்றில் மின்மினி பார்க்கக் கூட்டிப் போனீர்கள். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்பால் தள்ளித் தள்ளிக் கரையோர மரங்களுக்குக் கிட்டே கொண்டு போனார். ஒரு மரம் முழுக்கப் பூச்சிகள் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக மினுங்கி ஒன்றாக அணைந்தன. சின்னவள் என் தோளைத் தட்டினாள்.

"அலமாக், இவ்ளோ தூரம் வந்துட்டு கண்ண மூடிக்கிட்டு இருக்கீங்க! தூங்கிட்டீங்களாப்பா?"

"விடு லா, அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்றான் பெரியவன்.

நடுவுள்ளவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை ஞாபகமாப்பா? அவங்க இருந்து கூட்டிட்டு வந்திருந்தாலும் பாவம், என்ன பார்ப்பாங்க? பொறந்ததுலேர்ந்தே கண்ணு இல்ல."

அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் பாரம் வரைதான் படித்தவன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும், அது எனக்குத் தெரியும். எழுதினால் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அத்தைக்குப் பிறவியில் கண் போகவில்லை. ஏழு வயது வரை அவள் உங்களைப் போலத்தான் பார்த்தாள். பிறவியிலேயே போய்விட்டது என்று உங்களிடம் சொல்லி வைத்தது நான்.

நாங்கள் இருந்தது காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். எங்கள் லயத்து வீடுகளும் இல்லை, கோயிலும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், புளித்த ரப்பர் பாலின் நாற்றம் அவர்களுக்கு இந்நேரம் மூக்கில் ஏறியிருக்கும். உங்களுக்கு அதை எப்படிச் சொல்வது? மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் காயாத காலுறையின் வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எங்கள் அம்மாவின் வாடை. அந்த வாடை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மா பால் மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பாள். அப்பா கால்வாய் தோண்டும் கூட்டத்தில் இருந்தார். அப்பா குடிப்பார். குடித்தால் முதலில் பாடுவார், பிறகு அடிப்பார். பாட்டு எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நானும் தங்கையும் சாப்பிடுவோம். எனக்குப் பத்து வயது. அவளுக்கு ஏழு.

அந்த வருடம்தான் கிழட்டு ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப் போகிறார்கள் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. லயத்துக்கும் நின்றிருந்த மரங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய காட்டையே சாய்த்துப் போட்டார்கள். அதற்குள் ஒரு முனி இருந்தார். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். கல்லை விட்டுவிட்டு மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கட்டைகளை ஏற்ற வரவேண்டிய லாரி சேற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. கட்டைகள் அப்படியே கிடந்து ஊறின.

ஒரு நாள் விடிகாலை, பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போன பெண்கள் அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பெரட்டு என்றால், விடியுமுன் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம்.

"கட்டையெல்லாம் எரியுது! பச்சையா எரியுது! பொகையே இல்ல!"

"நெருப்புன்னா பொகையாதா? நேத்து யாரு வீட்டுல விருந்து?" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சிரித்தார். சிரித்தவர் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதன்பிறகு சிரிக்கவில்லை.

நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். நெற்றி விளக்கை அணைத்தால்தான் அது தெரியும். முதலில் ஒன்றுமில்லை. கண் பழகப் பழக, விழுந்து கிடந்த கட்டைகளின் ஓரமெல்லாம் வெளிறிய பச்சையில் எழும்பி வந்தது. சிறு சிறு குடைகள் அடுக்கடுக்காக. கிட்டே கையை நீட்டினேன். சூடே இல்லை. ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அது ஒரு வகைக் காளான், உயிருள்ளது, தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று பெரியவன் போன வருடம் கைப்பேசியில் காட்டினான். அந்தப் படத்தை நான் ஏன் அவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தேன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

எங்கள் தோட்டத்தில் யாரும் காளான் என்று சொல்லவில்லை. முனி என்றார்கள். தன் மரத்தைச் சாய்த்த கோபத்தில் கட்டைகளில் ஏறி எரிகிறார் என்றார்கள். பெண்கள் அந்த வழியே போக மாட்டோம் என்றார்கள். போகாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்றார் மண்டோர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பூசாரி. அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. பகலில் புல்லுக்கு மருந்து அடிப்பவர். வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. அவருக்கும் பயம்தான்.

மறுநாள் விடியுமுன் லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே கூட்டி வரச் சொன்னார். முனி யார்மேல் கண் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். எல்லா விளக்கையும் அணைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் நிறுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது." திருநீறு பூசினார். "தெரியுதா?" "தெரியுது." திருநீறு. எனக்கும் தெரிந்தது. அடுத்து தங்கை.

"தெரியுதா பாப்பா?"

"என்னா?"

"அந்தக் கட்டையில, பச்சையா."

"எங்க? ஒண்ணும் தெரியலியே."

அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைக்கு நேராக வைத்தார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள், "ஒரே இருட்டா இருக்கு" என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்து அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "அடிக்காதம்மா, நெஜமாவே தெரியல" என்று அழுதாள்.

பூசாரி அவள் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. அதில் பயம் போய்விட்டிருந்தது.

"அடிக்காத தாயி. ஐயா எல்லாருக்கும் கோவத்தக் காட்டுறாரு. இந்தப் புள்ளைக்கு மட்டும் காட்ட மாட்டேங்கிறாரு. இவ கண்ண அவரே மறைச்சிட்டாரு. இவ முன்னால போனா வழி விடுவாரு."

அப்படித்தான் என் தங்கை முனியின் பிள்ளை ஆனாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கையில் ஒரு வேப்பங்கொத்தோடு அவள் முன்னே போவாள். பெண்கள் விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். ஐயா முகத்தில் வெளிச்சம் அடிப்பது மரியாதை இல்லை என்று பூசாரி சொல்லியிருந்தார். இருநூறு அடி இருக்கும் அந்த வழி. விளக்கில்லாமல் எப்படிப் போனார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் கட்டைகள் மினுங்கிக்கொண்டிருந்தனவே, அதுவே வழி காட்டியது. முன்னால் போன ஒருத்திக்குத்தான் அது இல்லை.

முதல் நாளே இரண்டு இடத்தில் தடுக்கி விழப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இருட்டுனா எல்லாருக்கும் இப்படித்தான, ஒண்ணுமே தெரியாம?"

"கொஞ்சம் தெரியும்."

"சும்மா சொல்லாத."

அவள் நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். மின்மினிப் பூச்சி என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொல்லும் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தால் தட்டைத் தடவுவாள், சொம்பைத் தட்டிவிடுவாள், அம்மாவிடம் அடி வாங்குவாள். கவனமில்லாத பிள்ளை என்று பெயர்.

அன்று அந்தியில் கால்வாய் ஓரம் போய் ஒரு மின்மினியைப் பிடித்து ஜாம் பாட்டிலில் போட்டுக் கொண்டு வந்தேன். போர்வைக்குள் இரண்டு பேரும் தலையை நுழைத்துக்கொண்டோம். பாட்டிலை அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன். பூச்சி நன்றாக மினுங்கியது. அவள் கன்னத்து முடி கூட எனக்குத் தெரிந்தது.

"தெரியுதா?"

கொஞ்சம் தாமதித்து, "ம், தெரியுது" என்றாள்.

"எத்தனை இருக்கு?"

அவள் பாட்டிலுக்குள் விரலை விட்டாள். பூச்சி விரல்மேல் ஏறி நடந்திருக்க வேண்டும், கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி சிரித்தாள்.

"மூணு."

ஒன்றுதான் இருந்தது.

"ஆமா, மூணுதான்" என்றேன்.

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகளே. பத்து வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். முனி மறைக்கவில்லை, அவளுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்று எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். அப்பா குடிப்பதை நிறுத்திவிட்டார். முனியின் பிள்ளை இருக்கும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார், அப்பா அன்றைக்கே போத்தலைக் கால்வாயில் வீசிவிட்டு வந்து குளித்தார். அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மண்டோர், "என்னாண்ணே, புள்ள நல்லா இருக்கா?" என்று நின்று கேட்டார். சாப்பிடும்போது பாட்டுச் சத்தம் இல்லை. அம்மா அடுப்படியில் தானாகவே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இதையெல்லாம் நான் ஒரு வார்த்தையில் கெடுக்க வேண்டுமா?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் போடும் கவுனுக்குப் பின்னால் இரண்டு நாடா இருக்கும். காலையில் நான் அவளுக்கு நேர் பின்னால் நின்று இரண்டு நாடாவையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொள்வேன். இடது நாடாவை இழுத்தால் இடது பக்கம். வலது நாடாவை இழுத்தால் வலது பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நில். இரண்டே நாளில் பழகிவிட்டாள். கண் தெரிகிறவளைப் போல நிமிர்ந்து நடந்தாள்.

பின்னால் வந்த பெண்களுக்கு அது ஒரே வேடிக்கை.

"பாருடி, ஆம்பளப் புள்ள தங்கச்சி கவுனப் புடிச்சிக்கிட்டுப் போறான்!"

"டேய், பயமா இருந்தா அம்மா சீலைக்குள்ள பூந்துக்க!"

தங்கைக்குத் தோள் குலுங்கும். சிரிப்பை அடக்குகிறாள் என்று நாடா வழியாக எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காகவே நான் திட்டு வாங்கிக்கொண்டேன்.

சுத்தம் என்றதும் வீட்டில் கவிச்சை நின்றுவிட்டது. கருவாடு இல்லை, முட்டை இல்லை. சாய்த்த காட்டில் புல்லுக்கு மருந்து அடித்திருந்ததால் கீரை பறிக்கவும் பயந்தார்கள். கஞ்சி, மரவள்ளிக் கிழங்கு, பருப்புத் தண்ணீர். இரண்டு மாதம். நாங்கள் மற்ற எல்லாரையும்விடப் பக்தியாக இருந்தோம்.

அந்த இரண்டு மாதத்துக்குள் தோட்டத்து டிரெசர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், டாக்டர் மாதிரி. பகல் வெளிச்சத்தில் சுவரில் எழுத்து மாட்டிப் படிக்கச் சொன்னார். தங்கை கடைசி வரிவரைக்கும் தடங்கலில்லாமல் படித்தாள். பிறகு அவர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு சின்னத் திட்டு இருந்தது. அவர் முகம் மாறியது.

"பாப்பா, பொழுது சாஞ்சா கண்ணு தெரியுதா?"

அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பே வரிசையில் நிற்கிறது, அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"என்னா சார் இப்படிக் கேக்குறீங்க?" என்றேன் நான். "அவதான் தினமும் இருட்டுல முன்னாடி போறா. எல்லாரையும் கேட்டுப் பாருங்க."

"ஓ, அந்த முனி புள்ளையா இது?" என்று சிரித்தார். அவர் பெட்டியில் கை வைத்திருந்தார். எதையோ எடுக்கப் போனவர் கையை எடுத்துவிட்டு, "அடுத்த ஆளு" என்றார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதை நினைத்துத்தான் பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மழை விடுகிற நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. தட்டம்மை. எனக்கு வந்து ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. அவளுக்கும் வந்தது. எங்களில் அம்மைக்கு மருந்து கொடுக்க மாட்டார்கள். கதவைச் சாத்தி, வேப்பிலை பரப்பி, இளநீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். ஐந்தாம் நாள் கண் கூசுகிறது என்றாள். ஏழாம் நாள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றாள். தண்ணீர் ஊற்றி அம்மை இறக்கிய அன்று அம்மா அவளை வாசலுக்குக் கொண்டு வந்து, "கண்ணத் தொறடி என் தங்கம்" என்றாள். திறந்தாள். கருவிழி இரண்டும் பால் விழுந்த மாதிரி வெளுத்திருந்தன.

"இன்னும் விடியலியாம்மா?" என்றாள்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்து லாரியில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சீன டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒரு தமிழ் நர்ஸ் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னார்.

"கண்ணுக்கு வேண்டிய சத்து உடம்புல கொஞ்சமும் இல்லண்ணே. அம்மை வந்ததும் முழி வெந்து போச்சு. இதுக்கு முன்னாடியே புள்ளைக்கு இருட்டுல பார்வை கொறைஞ்சிருக்கும். யாரும் கவனிக்கலியா? மீன் எண்ணெய் மாத்திரை, அவ்ளோதான். உங்க டிரெசர் கிட்டயே இருக்கும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இருட்டுலயா?" என்றார் அப்பா. "இருட்டுல நடக்கிறதுக்குன்னே சாமி தேர்ந்தெடுத்த புள்ள அவ." நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குழந்தை பால் குடிக்கிற படம்.

அப்பா மறுபடி குடித்தார். இந்தத் தடவை பாடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. முனி கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டதைவிட அது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். நானும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கட்டைகளை வெயில் வந்ததும் அடுக்கிக் கொளுத்தினார்கள். நன்றாகப் புகைந்தன. அங்கே நட்ட செம்பனையின் பழத்திலேயே கண்ணுக்கு வேண்டிய அந்தச் சத்து இருக்கிறதாம். இதைப் பின்னாளில் ஒரு நோட்டீஸில் படித்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஜொகூர் பாருவில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தாள். தொழிற்சாலையில் டெலிபோன் எடுக்கும் வேலைக்குப் போனாள். உங்கள் அம்மா வந்த பிறகும் நம் வீட்டுப் பின்னறையிலேயே இருந்தாள். குரலை வைத்தே உங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒருவேளை டிரெசரிடம் நான் சொன்னதை அவள் குறையாகவே நினைக்கவில்லையோ என்னவோ. எப்போதாவது, "இடது நாடாவ ரொம்ப வேகமா இழுப்ப. நான் என்னா மாடா அண்ணே?" என்று சிரிப்பாள், அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீங்கள் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு ஜாம் பாட்டில்ல நெஜமா எத்தனை பூச்சி இருந்துச்சு?"

அறுபது வயதைத் தாண்டிய மனிதன் நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"மூணு" என்றேன்.

"பொய்யி" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இவ்வளவுதான் சொல்ல நினைத்தது. பிறவியிலேயே என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைகள் எதையாவது பார்க்க முடியவில்லை என்று சொன்னால், அதை நம்புங்கள்.

மின்மினி பார்த்துவிட்டு வந்த அன்று நீங்கள் எல்லாரும் படுக்கப் போன பிறகு, காரைப் பூட்டப் போனேன். கார் விளக்கு அணைந்ததும் என் சட்டைக் காலர் மடிப்பில் ஏதோ மினுங்கியது. ஆற்றிலிருந்து கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது. அதைக் கையில் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போனேன். விளக்கைப் போடவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் திறந்தேன். அது விரல்மேல் ஏறி நகம் வரைக்கும் நடந்தது. பிறகு நடக்காமல் நின்றது. நானும் அசையாமல் இருந்தேன்.

ஜன்னலைத் திறந்து, வெளியே அவள் வைத்த ரம்பை இலைச் செடியின்மேல் அதை விட்டேன். விடும்போது, "ஒண்ணுதான், தங்கச்சி" என்று சொன்னேன்.